கடற்கரை ஊரில் கார் எஞ்சினைக் கழுவுவது: எங்கே தண்ணீர், எங்கே துணி மட்டும்

கேள்வி இதுதான்: திருகோணமலை, உப்புவெளியில் வீடு. 2013 ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா. மூன்று வருடமாகப் பொனட்டுக்குள் யாரும் கை வைக்கவில்லை. உள்ளே தூசி அப்பிக் கிடக்கிறது, போல்ட் தலைகளில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. சேர்விஸ் நிலையத்தில் மண்ணெண்ணெய் விசிறி, பிறஷர் தண்ணீர் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கலாமா, அல்லது வீட்டிலேயே செய்யலாமா?

வீட்டிலேயே செய்யுங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், பிறஷர் தண்ணீரும் வேண்டாம். அரை நாளும், இரண்டு பிரஷ்களும், ஐந்தாறு லீற்றர் நல்ல தண்ணீரும் போதும். தண்ணீரின் அளவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இந்த வேலையில் பெரும்பாலான கோளாறு அதிகத் தண்ணீரால் வருவதுதான்.

முதலில் உள்ளே படிந்திருப்பது என்னவென்று பார்ப்போம். திருகோணமலைக் கார்களில் அது இரண்டு காற்றுகளின் வேலை. மே தொடக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை அடிக்கும் கச்சான் தரையிலிருந்து வருகிறது. அது கொண்டுவருவது காய்ந்த மண், கிறவல் தூசி. சீனன்குடாப் பக்கம் லொறிகளுக்குப் பின்னால் ஓடும் கார் என்றால் சீமெந்துத் தூசியும் சேரும். நவம்பருக்குப் பிறகு அடிக்கும் வாடை கடலிலிருந்து வருகிறது. அது கொண்டுவருவது உப்பு. கோணேசர் கோயிலடியிலோ நிலாவெளிக் கரையிலோ கடலைப் பார்த்து நிறுத்திய காரின் கண்ணாடியில் விரலை வைத்துத் தடவினால் பிசுபிசுப்பது அதுதான். முன் கிறில்லுக்குள்ளால் அதே உப்பு எஞ்சின் மேலும் போய்ப் படிகிறது.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தூசியைக் காய்ந்த நிலையில் எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் சேறாகும், சீமெந்துத் தூசி என்றால் இறுகியே போகும். உப்புக்கோ தண்ணீர் கட்டாயம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பான் வகை டிகிரீசரோ மண்ணெண்ணெயோ உப்பைக் கரைக்காது. மண்ணெண்ணெய் விசிறினால் எஞ்சின் அன்று கறுப்பாக மினுங்கும். உப்பு அந்த எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே அப்படியே இருக்கும்.

உப்பின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். கரையோரத்தில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழமை. கார் ஓடாமல் நின்றாலும், மழையே பெய்யாவிட்டாலும், ஒவ்வொரு இரவும் போல்ட் தலைகளும் எர்த் வயர்களும் உப்புத் தண்ணீரில் நனைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் ஓடும் காரை விட இங்கே கார் சீக்கிரம் துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வருடத்துக்கு இரண்டு தரம் போதும். கச்சான் ஓயும் செப்டெம்பரில், மழைக்கு முன், தூசியை எடுக்க ஒரு தரம். வாடை தணியும் பெப்ரவரி கடைசியில் உப்பை எடுக்க ஒரு தரம். முதலாவதில் தண்ணீர் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. மாதாமாதம் கழுவுகிறவர்கள் நன்மையை விடத் தீமையே செய்கிறார்கள்.

தண்ணீர் விடயத்தில் ஒரு கண்டிப்பு: சவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது. கடற்கரையோரக் கிணறுகள் பல கோடையில் சவர்க்கும். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு மறுபடி உப்புப் பூசுவதுதான். குழாய்த் தண்ணீர் எடுங்கள். கடைசித் துடைப்புக்கு வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துத் துணியால் வடித்து வைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. அதில் கரைந்த உப்பு அனேகமாக இராது, காய்ந்தால் வெள்ளைத் தடம் விழாது. பற்றரிக்கு மட்டும் அதை ஊற்றிவிடாதீர்கள்.

இனி உங்கள் அக்குவாவுக்கே உரிய எச்சரிக்கை. இது ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். பொனட்டுக்குள் செம்மஞ்சள் நிற உறை போட்ட தடித்த வயர்கள் தெரியும். அவை உயர் வோல்ற் வயர்கள். அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், இன்வேட்டர் அதை 500 வோல்ற்றுக்கு மேல் உயர்த்துகிறது. மூடி, உறை எல்லாம் சரியாக இருந்தால் அருகில் துணியால் துடைப்பதில் ஆபத்தில்லை. ஆனால் செம்மஞ்சள் வயரின் கனெக்டரைக் கழற்றக்கூடாது, அதன்மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது, உறை கீறியிருந்தால் தொடவே கூடாது, நேரே ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் போக வேண்டும். இன்னொன்று: ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் நிற்பதால் நின்றுவிட்டது என்று நினைக்கக்கூடாது. டாஷ்போர்ட்டில் ‘ரெடி’ விளக்கு எரிந்தால் எஞ்சின் எந்த நொடியும் தானாக ஸ்டார்ட் ஆகும். காரை அணைத்து, ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனிய வேண்டாம்.

அக்குவாவின் 12 வோல்ற் பற்றரி பொனட்டுக்குள் இல்லை, பின் ஆசனத்தின் கீழே இருக்கிறது. துணியும் பிரஷும் கொண்டு செய்யும் வேலைக்கு அதைக் கழற்றத் தேவையில்லை. விற்ஸ், அல்டோ போன்ற சாதாரணக் கார் என்றால் 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் முதலில் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பூட்டும்போது மைனஸ் கடைசி. முதலில் பிளஸ்ஸைக் கழற்றப்போய் ஸ்பனர் பொடியில், அதாவது காரின் உலோக உடலில், முட்டினால் பொறி பறக்கும். பற்றரி கழற்றினால் மணிக்கூடு அழியும், சில கார்களில் ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், தானாக ஏறும் கண்ணாடியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அவை கோளாறுகள் இல்லை.

வேலையைக் காலை ஏழு மணிக்கு முன் நிழலில் தொடங்குங்கள். முதல் நாள் இரவு நிறுத்திய காராக இருந்தால் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும். ஓடிவந்த கார் என்றால் பொனட்டைத் திறந்து குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள். கையை வைத்தால் வைத்தபடியே இருக்க முடிய வேண்டும். கொதிக்கும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கலாம். சூடான மேற்பரப்பில் கிளீனர் கழுவ முன்னமே காய்ந்து கறை பிடிக்கும். ரேடியேற்றர் விசிறிக்குள் கை வைக்காதீர்கள். சில கார்களில் திறப்பு எடுத்த பிறகும் அது சுழலும்.

துடைக்கத் தொடங்குமுன் கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். அழுக்கு ஒரு சாட்சி. வால்வ் கவரின் விளிம்பில் ஈரமாகத் தூசி ஒட்டியிருந்தால் கஸ்கற் கசிகிறது. குழாய்ப் பொருத்துகளில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பொருக்குக் காய்ந்திருந்தால் கூலன்ற், அதாவது குளிர்விக்கும் திரவம், கசிகிறது. அக்குவாவில் எஞ்சினுக்கு ஒன்று, இன்வேட்டருக்கு ஒன்று என்று கூலன்ற் போத்தல் இரண்டு இருக்கும். இரண்டின் மட்டத்தையும் படத்தில் பிடித்து வையுங்கள். கழுவிய பின் மெக்கானிக் ‘எங்கே கசிந்தது’ என்று கேட்டால் காட்ட அதுதான் மிஞ்சும்.

முதல் கட்டம் முழுவதும் காய்ந்த வேலை. கண்ணாடியின் கீழ், வைப்பர் பக்கத்துக் கிறில்லில் வேப்பிலை, மருதமிலை, பூவரசம் சருகு எல்லாவற்றையும் கையால் அள்ளுங்கள். அங்கே இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளை இருக்கும். அது அடைபட்டால் மாரி மழைத் தண்ணீர் வழி தேடிக் காருக்குள் இறங்கும். ‘ஏ.சி.யில் நாற்றம், கால் மிதி ஈரம்’ என்று வருகிற முறைப்பாடுகளில் பல இந்தத் துளையில்தான் போய் முடியும். எஞ்சினை மினுக்குவதை விட இந்த ஐந்து நிமிடம் பெறுமதியானது.

சருகுக்குள் எலிக்கூடோ புழுக்கையோ கண்டால் ஊதவும் கூடாது, காய்ந்தபடி கூட்டவும் கூடாது. எலியால் பரவும் நோய்கள் விளையாட்டில்லை. கையுறை, முகக்கவசம் போட்டு, ஒரு பங்கு புளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தை மட்டும் நனைத்து, பத்து நிமிடம் விட்டு, பழந்துணியால் அள்ளிப் பைக்குள் கட்டிவிடுங்கள். பிறகு அந்த இடத்தை நல்ல தண்ணீரால் இரண்டு தரம் துடைக்க வேண்டும், புளீச் அலுமினியத்தை அரிக்கும். வயர் கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நெல் வெட்டி முடியும் காலத்தில் வயலோர வீடுகளில் இது அதிகம்.

மற்றத் தூசிக்கு ஒன்றரை, இரண்டு அங்குல மயிர்ப் பெயின்ற் பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். அதன் இரும்பு வளையத்தின்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினால் எங்கும் கீறாது, மின்முனையில் முட்டினாலும் பயமில்லை. மேலிருந்து கீழே தட்டிவிட்டு, வக்கும் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடித்து உறிஞ்சவும். கொம்பிரசர் இருந்தால் 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இக்னிஷன் கொயில்களைச் சுற்றி முக்கியமாக ஊத வேண்டும். என்றாவது பிளக் கழற்றும்போது அங்குள்ள மண் சிலிண்டருக்குள் விழாமல் இருப்பதற்கு அதுதான் வழி. செப்டெம்பர் வேலை என்றால் இத்தோடு முக்கால்வாசி முடிந்தது.

ஈர வேலைக்கு முன் மூட வேண்டியவை: எயார் பில்டர் வாய், கொயில்கள், பியூஸ் பெட்டி, ஈ.சி.யூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), இன்வேட்டரின் கனெக்டர்கள், சாதாரணக் கார் என்றால் அல்ரனேற்றர். ஒயில் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஒயில் மூடி இறுக்கமாக இருக்கட்டும். சொப்பிங் பையும் றப்பர் பாண்டும் போதும். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி, எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள். ஏழு கட்டி ஆறு அவிழ்த்தால் ஏழாவது எக்ஸோஸ்டில் உருகும், அல்லது காற்று உறிஞ்சும் வாயை அடைக்கும்.

கிளீனருக்கு, கடையில் ‘ஓல் பர்ப்பஸ் கிளீனர்’ என்று கிடைக்கும் நீர்க் கலவை வகை சரி. சாதாரண அழுக்குக்கு ஒரு லீற்றர் விசிறிப் போத்தலில் 100 மில்லிலீற்றர் கிளீனர், மீதி தண்ணீர். ஒயில் தோய்ந்த இடத்துக்கு மட்டும் 200 மில்லிலீற்றர் வரை போகலாம். போத்தலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். சவர்க்காரத்தூள் வேண்டாம், அதன் காரம் அலுமினியத்தை மங்கவைக்கும். வீல் கழுவும் அமிலத்தை மறந்தும் கொண்டுவராதீர்கள். மண்ணெண்ணெயின் கதையும் இங்கே முடியட்டும்: கூலன்ற் குழாய்களின் றப்பர் பெற்றோலிய எண்ணெய்க்கு ஒத்துவராதது, ஊறி உப்பி மெதுமையாகும். மேலே தங்கும் படலத்தில் அடுத்த கச்சான் தூசி முழுவதும் வந்து ஒட்டும். மூலையில் தேங்கியிருக்கும் மண்ணெண்ணெயோடு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது நெருப்பை அழைப்பது.

கிளீனரைப் பெரிய பரப்புக்கு நேரே விசிறாமல் பிரஷிலும் துணியிலும் விசிறி வேலை செய்யுங்கள். ஒரு தரத்தில் இரண்டு சதுர அடி இடம். மூன்று நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் உரசி, காயுமுன் ஈரத் துணியால் எடுத்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். பொனட்டின் உட்பக்கத்தில் தொடங்கி, பிறகு பக்கச் சுவர்கள், பிளாஸ்டிக் மூடிகள், கடைசியில் எஞ்சின் உடல். துணியை வாளியில் அலசும்போது தண்ணீர் கறுத்தால் மாற்றுங்கள். சென்சர், கனெக்டர் உள்ள இடத்தில் நன்றாகப் பிழிந்த துணி மட்டும்.

உப்பை எடுக்கும் அலசலுக்கு இரண்டு லீற்றர் கைப்பம்பு விசிறி, தோட்டத்துக்குப் பாவிக்கும் வகை, மிகப் பொருத்தம். பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டாம், புதிதாக வாங்குங்கள். மென்மையான தூவலாக வைத்துப் பக்கச் சுவர்கள், சஸ்பென்ஷன் மேல்முனை, பொனட் பிணைச்சல், பூட்டு, ரேடியேற்றர் தாங்கி, போல்ட் தலைகள் ஆகியவற்றுக்கு அடியுங்கள், வடியவிட்டுத் துடையுங்கள், மறுபடி ஒரு தரம். உப்பு ஒரே துடைப்பில் போகாது, இரண்டாவது அலசல்தான் அதை உண்மையில் எடுக்கிறது. எஞ்சினின் மேல் நடுப்பகுதிக்கும் இன்வேட்டருக்கும் இந்தத் தூவலும் வேண்டாம்.

ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கு வேறு முறை. முடிந்தவரை எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, பூச்சியும் மண்ணும் வந்த வழியே திரும்பிப் போகும்படி மெதுவாகத் தூவ வேண்டும். பிறஷர் கன் அந்தத் தகடுகளை ஒரு நொடியில் மடித்துவிடும். மடிந்த இடத்தால் காற்றுப் போகாது. வெயிலுக்குள் ஏ.சி. போட்டுக் கந்தளாய் வரை ஓடும்போதுதான் அது தெரியவரும்.

கழுவும் இடத்தையும் யோசியுங்கள். கிணற்றடியில் செய்ய வேண்டாம். ஒயில் தோய்ந்த காரின் கீழே பழைய காட்போட் மட்டைகளை விரித்தால் சொட்டுவதை அது குடிக்கும். கானுக்குள் விட்டால் அது போய்ச் சேருவது கடலுக்கு.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பைகளை எண்ணி அவிழ்த்து, மைக்ரோபைபர் துணியால் ஒற்றியெடுத்து, இடுக்குகளை ஊதி, பொனட்டைத் திறந்தபடி ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். உப்பு வேலைக்குப் பெப்ரவரியில் காய்ந்த நாளாகப் பார்த்துத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். பிறகு காரை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, ஏ.சி. போட்டு, எஞ்சின் ஓடும்படி பத்துப் பதினைந்து நிமிடம் பொனட் திறந்தே நிற்கட்டும். நீண்ட கூந்தல், சீலை முந்தானை, தொங்கும் துவாய் ஒன்றும் அருகில் இருக்கக்கூடாது.

ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் நடுங்கி, மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். ஸ்கான் பண்ணினால் பி0301 தொடக்கம் பி0304 வரை ஒரு இலக்கம் வரும், கடைசி எண்தான் சிலிண்டரின் எண். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காரை ஓட்டவே வேண்டாம். எரியாத பெற்றோல் எக்ஸோஸ்டுக்குள் போய்க் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டழிக்கும், அதன் விலை பல கழுவல்களின் கூலியைத் தாண்டும். அணைத்து, 12 வோல்ற் பற்றரியின் மைனஸைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் கொயிலை எடுத்து, குழியை ஊதி, கொயிலின் றப்பர்க் குழலைத் துடைத்துக் காயவிட்டுப் பூட்டினால் சரிவரும். சிலர் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடிப்பார்கள். தண்ணீரை விரட்டும், உண்மைதான், ஆனால் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தூசிக்குப் பசை. கனெக்டருக்கென்று விற்கும் கொன்ராக்ற் கிளீனர் வாங்கினால் அது மிச்சம் வைக்காமல் ஆவியாகும்.

இனிப் பாதுகாப்புப் பூச்சு. கரையோரக் காருக்கு மினுக்கத்தை விட இதில் நேரம் செலவழிக்கலாம். எர்த் வயர்கள் பொடியில் பூட்டிய இடங்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் மைனஸ் கழற்றிய நிலையில் அந்த போல்ட்டை எடுத்து, கம்பிப் பிரஷால் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே மெல்லியதாக வாஸலின் பூசுங்கள். பூசிவிட்டுப் பூட்டுவது தலைகீழ் வேலை. செம்மஞ்சள் வயர் சேரும் இடங்களில் இதைச் செய்யக்கூடாது. சாதாரணக் கார்களின் பற்றரி முனையில் பூக்கும் வெண்பச்சைப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேநீர்க் குவளை தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ். நுரைப்பது நின்றதும் நல்ல தண்ணீரால் துடைக்கவும். கரைசல் பற்றரி மூடித் துளைக்குள் போகக்கூடாது, கையுறை கட்டாயம்.

போல்ட் தலை, பொனட் பிணைச்சல், பூட்டு, பொனட்டைத் தாங்கும் கம்பி இவற்றுக்கு மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்ப்ரே மெல்லியதாக. எக்ஸோஸ்டில் படக்கூடாது, புகையும். சஸ்பென்ஷன் மேல்முனையில் பெயின்ற் பொங்கியிருந்தால் மெழுகால் மூடி மறைக்காமல், சுரண்டி, துரு மாற்றி பூசி, பிறைமர், பெயின்ற் என்று ஒழுங்காகச் செய்யுங்கள். மேலே பார்க்கத் தெரியும் புள்ளி சின்னது, கீழே ஓடியிருப்பது பெரியது.

பிளாஸ்டிக்கும் றப்பரும் கறுப்பாகத் தெரிய நீர்க் கலவை டிரெஸ்ஸிங்கைத் துணியில் எடுத்துப் பூசி, பத்து நிமிடத்தின் பின் காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடையுங்கள். எண்ணெய்த்தன்மையான சிலிக்கோன் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குள் விசிற வேண்டாம். காற்றோடு உறிஞ்சப்பட்டால் அதன் ஆவி ஒட்சிசன் சென்சரைக் கெடுக்கும். அக்குவாவில் வெளிப் பெல்ட் இல்லை என்பதால் ஒரு கவலை குறைவு. மற்றக் கார்களில் பெல்ட்டில் ஒரு துளி பட்டாலும் அது கீச்சிட்டு வழுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்குவாவின் ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, காருக்குள் பின் ஆசனத்தின் அருகிலுள்ள கிறில்லால் உறிஞ்சப்படுகிறது. கடற்கரை மணலும் துவாய்ப் பஞ்சும் அங்கே சேர்ந்தால் பற்றரி சூடேறி வயது குறையும். வக்கும் கிளீனரைக் கையில் எடுத்த அன்றே அந்தக் கிறில்லையும் உறிஞ்சிவிடுங்கள். அதன் மேல் பை, தலையணை வைத்துப் பயணம் போகும் பழக்கமிருந்தால் நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்து நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியதும் பொனட்டைத் திறந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுத்தமான உலோகத்தில் புதிதாக ஒரு ஈரக்கோடு தெரிந்தால் கசிவு அந்தக் கோட்டின் மேல்முனையில் இருக்கும். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த இடத்தைத் துடைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.